சுரங்கத்தார் இறங்கிய கிணறு

சோமசேகரத்தாரின் கல்வெட்டு என் மேசையில் கிடக்கிறது. செத்தவரின் புகழைப் பாடி, முப்பத்தோராம் நாள் வீட்டார் பங்கிடும் சிறு புத்தகத்தை எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்போம். இது பதினாறு பக்கம், ஊதா மட்டை. தேவாரம், குடும்ப விபரம், புலம்பல் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. ஒன்பதாம் பக்கத்தில்தான் இந்த வரிகள் வருகின்றன:

ஆயிரம் அடிக்கீழ் ஆழ்சுரங்கம் இறங்கி
அரும்பொன் கொணர்ந்த எங்கள் ஐயாவே

பொய். உயிரோடு இருந்தபோது அவர் சொன்ன பொய்களை ஊர் நம்பியது அதன் பாடு. செத்த பிறகு எட்டுத்தாளில் அச்சடித்து, வாசிகசாலையிலும் ஒரு பிரதி வைத்து, நாளைக்கு யாராவது அதைச் சரித்திரம் என்று எடுத்து எழுதினால் அது என்னைப் போன்றவனுக்கு அவமானம். எங்கள் பரம்பரையில் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் நான். படித்தது நிலவியல். கல்லைப் பற்றியும் மண்ணைப் பற்றியும் எங்கள் ஊரில் யார் பொய் சொன்னாலும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய கடமை எனக்கில்லை.

1956இல் சோமசேகரத்தார் மலாயாவிலிருந்து கப்பலேறி வந்து சேர்ந்தார். வெள்ளைக் காற்சட்டை, தக்கைத் தொப்பி, இரண்டு இரும்புப் பெட்டி, மனைவி கமலாவதி. ஊர் அவரை 'மலாயன் பென்சனியர்' என்றது. அது முதலாவது தவறு. பென்சன் அரசாங்க உத்தியோகத்தருக்கு. இவர் இருந்தது பகாங் மாநிலத்தில் ஒரு வெள்ளைக்காரக் கம்பனியின் தங்கச் சுரங்கத்தில். ஆனால் தங்கம் என்ற சொல் காதில் விழுந்ததும் ஊருக்கு மற்றதெல்லாம் மறந்து போயிற்று. ஒரு மாதத்துக்குள் அவர் 'சுரங்கத்தார்' ஆகிவிட்டார்.

எங்கள் ஊர் வல்வெட்டித்துறையிலிருந்து இரண்டு மைல்கட்டை தெற்கே, சுண்ணாம்புக்கல்லின் மேல் குந்தியிருக்கிற ஊர். ஒரு முழம் செம்மண்ணைச் சுரண்டினால் கல் தெரியும். இந்தக் கல் கடலடியில் சிப்பியும் சங்கும் பவளமும் மக்கிப் படிந்து உண்டானது. மயோசீன் காலத்துச் சமாசாரம். இதற்குள் தங்கம் தேடுவது மீன்சந்தையில் பட்டுச்சேலை தேடுவது போன்றது. ஆனாலும் இருபது வருடமாக எங்கள் சந்திக் கடை மரவாங்கிலில் குந்தியிருந்து சுரங்கத்தாரின் கதை கேட்டவர்களுக்குத் தங்கச் சுரங்கத்தைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை.

அவர் சொன்னதில் உண்மையும் இருந்தது. அதுதான் கெடுதி. பகாங்கில் மேற்கே கருங்கல் மலைத்தொடர். அதன் கிழக்கு அடிவாரத்தில் களிக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் அடுக்கடுக்காக நிமிர்ந்து கிடக்கின்றன. ஒரு காலத்தில் அடியிலிருந்து வந்த கொதிநீர் அந்த அடுக்குகளின் வெடிப்புகளில் ஏறி, ஆறி, வெள்ளைப் படிகக்கல்லாக உறைந்தது. அந்தப் படிக நரம்புகளில்தான் தங்கம். முதலில் மலாய்க்காரரும் சீனரும் ஆற்று மணலை மரத்தட்டில் அரித்தார்கள். போன நூற்றாண்டுக் கடைசியில் ஆஸ்திரேலியாக்காரர் வந்து நரம்பைப் பிடித்துக்கொண்டு கீழே போனார்கள். நூறடி, முன்னூறடி, ஆயிரம் அடி. கல்லை இடித்துத் தூளாக்கப் பெரிய இடிப்பாலைகள், பிறகு பாதரசம், பிறகு சயனைட்டு. இதெல்லாம் புத்தகத்திலும் இருக்கிறது. நான் பேராதனை நூலகத்தில் தேடிப் பார்த்தேன், மனிதர் எங்காவது பிசகியிருப்பார் என்ற நம்பிக்கையில். அவ்வளவாகப் பிசகவில்லை.

ஆனால் எல்லாக் கதையும் ஒரே இடத்தில்தான் போய் முடியும்.

"மேலை வறுமை, கீழை செல்வம்," என்பார், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு. "முன்னூறு அடியிலை ஒண்டுமில்லை எண்டு விட்டிட்டுப் போனவன் விசரன். ஆயிரம் அடிக்குப் போனவன் ராசா. பூமி எப்பவும் நல்லதைக் கீழைதான் வைச்சிருக்கும்."

முழு வாங்கிலும் தலையாட்டும். காய்ச்சலுக்கும் காணி வழக்குக்கும் பெட்டைக்கு மாப்பிள்ளை பார்க்கவும் அந்த வசனமே மருந்தாயிற்று. அவர் வீட்டு முன்னறையில், முருகன் படத்துக்குக் கீழே, கண்ணாடிப் பெட்டியில் ஒரு வெள்ளைக்கல் இருந்தது. அதன் நடுவே மஞ்சளாக மினுங்கும். கலியாணம் பேச வருபவர்கள்கூட முதலில் அதைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். சின்ன வயதில் நானும் வாயைப் பிளந்து பார்த்தவன்தான். பட்டம் எடுத்துக்கொண்டு வந்து பார்த்தபோது அது சதுரம் சதுரமாக, பித்தளை நிறத்தில் இருந்தது. இரும்பும் கந்தகமும் சேர்ந்த கல். ஏமாளிகளின் தங்கம் என்று அதற்குப் பெயர். சொன்னேன். கமலாவதி மாமி கண்ணாடியைத் துடைத்தார். சுரங்கத்தார், "தம்பி படிச்ச புத்தகத்திலை உள்ளது வேறை கல்லு," என்றார்.

அவர் அந்தக் கல்லோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். கிணற்றில் கை வைத்தார்.

எங்கள் தோட்டக் கிணறு பங்குக் கிணறு. மூன்று காணி உறுதிகளில் மூன்றில் ஒரு பங்கும், வழிவாய்க்கால் உரிமையும் என்று எழுதியிருக்கும். ஒரு பங்கு என் தகப்பனார், நான் அப்பு என்று கூப்பிடும் தம்பிஐயாவுக்கு. ஒரு பங்கு சுரங்கத்தாருக்கு. மூன்றாவது பங்கு பராசக்தி அக்காவுக்கு. அக்காவின் புருசன் பாம்பு கடித்துச் செத்தவர். அவரின் எட்டுப் பரப்புக் காணியையும் அக்கா ஒற்றை ஆளாக நின்று வெங்காயம் செய்தவர். மூவரும் முறை வைத்து இறைப்பார்கள். ஒரு பங்காளி மற்ற இருவரையும் கேளாமல் கிணற்றின் ஒரு கல்லைக்கூட அசைக்கக் கூடாது. அசைத்தால் பரம்பரைக்கும் வழக்குத்தான்.

1975. வெளிநாட்டு வெங்காயத்தை அரசாங்கம் நிறுத்தியிருந்த காலம். யாழ்ப்பாணத்து வெங்காயத்துக்கு மரியாதை வந்து, பாறைவெளியில்கூட மண் கொட்டி நட்டார்கள். துலா போய் இறைப்பு மிசின் வந்தது. விடிய மிசின் வைத்தால் பத்து மணிக்கே கிணற்றின் அடிக்கல் தெரியும். அந்த வருடம் மாரியும் பொய்த்தது. பங்குனியில் அக்காவின் வெங்காயத்துக்கு முப்பது நாள். இன்னும் முப்பது நாள் தண்ணீர் வேண்டும். அந்தப் பயிர் தப்பினால்தான் அக்காவுக்கு அடுத்த போகத்துக்கு விதை. இல்லையென்றால் எட்டுப் பரப்பையும் குத்தகைக்கு விட்டுவிட்டு யாரோ ஒருவர் தோட்டத்தில் கூலிக்குப் புல்லுப் பிடுங்க வேண்டும்.

கிணற்றடியில் பங்காளிகள் கூடினார்கள். நானும் நின்றேன். சுரங்கத்தார் தொப்பியோடு வந்தார்.

"அஞ்சடி ஆழப்படுத்துவம்," என்றார். "இருபத்துமூண்டடியிலை நிண்டுகொண்டு தண்ணியில்லை எண்டு அழுறது வெக்கக்கேடு. பகாங்கிலை இருபத்துமூண்டடி எண்டால் கக்கூசுக் கிடங்கு."

நான் விளக்கினேன். பொறுமையாகத்தான் விளக்கினேன். எங்கள் நிலத்தின் கீழே ஆறுமில்லை, ஊற்றுமில்லை. மழைத்தண்ணீர் கல்லின் பொந்துகளுக்குள் இறங்கி, கடலிலிருந்து உள்ளே வந்து கிடக்கும் உப்புத் தண்ணீரின் மேலே, குழம்பின் மேல் எண்ணெய் மிதக்கிற மாதிரி மிதக்கிறது. அடியில் துளைத்தால் எண்ணெய் முடிந்து குழம்பு வரும். சந்தேகம் இருந்தால் புத்தூருக்குப் போய் நிலாவரைக் கிணற்றைப் பாருங்கள், மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு என்றேன்.

"நிலாவரை இராமர் அம்பு விட்ட கிணறு," என்றார் அப்பு. "அதோடை எங்கடை கிணத்தை ஒப்பிடாதை."

என் அப்பு. என்னைப் படிப்பிக்கக் காணி ஈடு வைத்த மனிதர். அவருக்கே மகனுடைய பட்டத்தை விட மற்றவருடைய தொப்பி பெரிதாகத் தெரிந்தது.

பராசக்தி அக்கா மட்டும் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "சோமண்ணை, உப்பு வந்தால் ஆர் பொறுப்பு?"

"நான் பொறுப்பு," என்றார் சுரங்கத்தார், உடனே. "முப்பத்தொரு வரியம் சுரங்கத்திலை நிண்டவன் சொல்லுறன், பிள்ளை."

அக்கா என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ சொல்லுறது சரியாயிருக்கும். ஆனால் நீ சொல்லுறது தோண்டாதை எண்டு. அவர் சொல்லுறது தண்ணி வரும் எண்டு. பயிர் வாடேக்கை எந்தச் சொல்லைக் கேக்கிறது?"

நான் எண்ணெயையும் குழம்பையும் திரும்ப விளக்கத் தொடங்கினேன்.

வெடி வைக்கக் குருநகரிலிருந்து கிறகோரி வந்தார். கிணற்று வெடியில் இரண்டு விரல் போனவர். மிச்சமிருந்த எட்டு விரலால் பத்து விரல்காரரை விடச் சுத்தமாக வேலை செய்வார். தண்ணீரை இறைத்துவிட்டு இறங்கி, இரும்பு அலவாங்கால் குழி போட்டு, மருந்து இறுக்கி, திரியைக் கொளுத்திவிட்டு ஏறி வருவார். ஐந்தடியை நாலு நாளில் முடித்தார். தண்ணீர் கொஞ்சம் கூடியது. அத்தோடு விட்டிருந்தால் ஒருவேளை தப்பியிருக்கும்.

ஐந்தாவது நாள் காலை, கடைசி வெடியில் உடைந்த கல்லைப் பனையோலைக் கடகத்தில் ஏற்றியபோது நடுவே ஒரு வெள்ளைக்கல் வந்தது. பளபளவென்று, சீனிக்கட்டி மாதிரி. சுரங்கத்தார் அதைக் கையில் எடுத்தார். வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுதான்," என்றார். "வெள்ளைக்கல்லு. இதுக்குப் பின்னாலைதான் வரும்."

"என்ன வரும்?" என்றார் அப்பு. கேட்கும்போதே குரல் இறங்கிவிட்டது.

"நான் சொல்லக் கூடாது, தம்பிஐயா. சொன்னால் ஊர் கூடும்."

நான் கல்லை வாங்கிப் பேனைக்கத்தியால் கீறினேன். கீறு விழுந்தது. படிகக்கல்லில் கத்தி கீறாது. அக்காவின் சாப்பாட்டு மூட்டையிலிருந்து ஒரு தேசிக்காய்ப் பாதியை எடுத்து அதன் மேல் பிழிந்தேன். பொடிப்பொடியாக நுரை வந்தது. "இது கல்சைற்று. வெறும் சுண்ணாம்பு. எங்கடை கல்லுக்குள்ளை பொந்து கிடந்தால் மழைத்தண்ணி இதைக் கட்டியாக்கும். பொந்து கிடக்குது எண்டதுக்குத்தான் இது அடையாளம். பொந்தாலை உப்புத்தான் ஏறும்."

சுரங்கத்தார் என்னைப் பார்க்கவில்லை. கிறகோரியைப் பார்த்துச் சொன்னார்: "கறிக்கு விடுற புளியை விட்டுத் தங்கத்தைச் சோதிக்கிறார் பட்டதாரி."

எல்லோரும் சிரித்தார்கள். அப்புவும் சிரித்தார்.

பேசியது ஐந்தடி. சுரங்கத்தார் அந்த வெள்ளை நரம்பைப் பிடித்துக்கொண்டு இன்னும் பத்தடி போக வைத்தார். மேலே கதிரை போட்டு, குடை பிடித்து, தொப்பியோடு இருந்து, "விடாதை, கிறகோரி, விடாதை," என்று கட்டளை. எட்டி எட்டிப் பார்த்தாரே தவிர, ஒரு தடவைதன்னும் கயிற்றில் கால் வைக்கவில்லை. அக்காவுக்கு அவர் சொன்ன காரணம் தண்ணீர். அப்புவுக்குச் சொல்லாமல் சொன்ன காரணம் தங்கம். ஒவ்வொருவரும் தனக்கு வேண்டியதை நம்பினார்கள்.

கிறகோரி மட்டும் இடையில் சொன்னார்: "ஐயா, கல்லு அரிதட்டு மாதிரி ஓட்டையாய்க் கிடக்கு. எனக்கு இந்தக் குளிர் பிடிக்கேல்லை. நான் கடற்கரையான். உந்தக் கடல் மணம் எனக்குத் தெரியும்."

"நீ வெடியை வை," என்றார் சுரங்கத்தார்.

முப்பத்தெட்டாவது அடியில் தண்ணீர் பொங்கியது. கிறகோரி கயிற்றைப் பிடித்து ஏற முதலே இடுப்புக்கு வந்துவிட்டது. தங்கம் வரவில்லை என்ற கவலை ஒருவருக்கும் இல்லை. அவ்வளவு தண்ணீர். நாள் முழுக்க மிசின் வைத்தாலும் வற்றவில்லை. வைரவர் கோயிலில் பொங்கினார்கள். சுரங்கத்தாருக்கு மாலை போட்டார்கள். அப்பு என்னிடம், "படிப்பு வேறை, அனுபவம் வேறை, பாத்தியே?" என்றார். உப்பு ஏற எத்தனை நாள் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

எட்டாம் நாள் அக்காவின் வெங்காயத் தாள் நுனி கருகத் தொடங்கியது. முதலில் பூச்சி என்று மருந்து அடித்தார்கள். பிறகு வெயில் என்றார்கள். பன்னிரண்டாம் நாள் பாத்தியின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது. அக்கா அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். எட்டுப் பரப்பும் போயிற்று. விதைக்கு ஒரு பிடி மிஞ்சவில்லை.

அன்று பின்னேரம் அக்கா ஒரு செம்பில் கிணற்றுத் தண்ணீர் மொண்டுகொண்டு சுரங்கத்தார் வீட்டுக்குப் போனார். நான் பின்னாலே போனேன். மறைக்க ஒன்றுமில்லை, பார்க்கத்தான் போனேன்.

"குடியுங்கோ, அண்ணை."

அவர் வாங்கி ஒரு மிடறு குடித்தார். முகம் மாறிற்று. இரண்டாவது மிடறும் குடித்தார். செம்பைக் கீழே வைக்கவில்லை.

"சவர். உப்பு," என்றார்.

"ஓம். உங்கடை சுரங்கத்திலை இப்பிடித் தண்ணி ஏறினால் என்ன செய்வினம்? அதைச் சொல்லுங்கோ, செய்வம். முப்பத்தொரு வரியம் நிண்டனீங்கள்தானே."

அவர் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார். பிறகு கமலாவதி மாமியைப் பார்த்தார். மாமி தலையைக் குனிந்துகொண்டார். இருபது வருடமாக மாமி மூடி வைத்த விசயம் இப்போது வெளியே வரப்போகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"எனக்குத் தெரியாது, பிள்ளை," என்றார் சுரங்கத்தார். "நான் கீழை இறங்கினதில்லை."

"ஒருக்காலும்?"

"ஒருக்காலும் இல்லை. நான் விளக்கறைக் கிளாக்கர். கீழை போறவைக்கு விளக்கைக் குடுத்துத் தகட்டை வாங்கிறது. மேலை வந்தால் தகட்டைத் திருப்பிக் குடுக்கிறது. அவ்வளவுதான்." செம்பைக் கீழே வைத்தார். "பயம், பிள்ளை. கேட்டவங்கள், ஒருக்காச் சும்மா வந்து பார் எண்டு. நான் போகேல்லை."

சுரங்கத்தில் இறங்குகிற ஒவ்வொருவனும் ஒரு பித்தளை இலக்கத் தகட்டை மேலே விட்டுப் போவானாம். ஏறி வந்து அதை வாங்குவானாம். பொழுதுபட்டு ஆணியில் தகடு தொங்கினால், ஒருவன் இன்னும் கீழே. ஆயிரம் அடிக்குக் கீழே போனவர்கள் சீனரும் எங்கள் தமிழ்க் கூலிகளும். இவர் ஆணியைப் பார்த்துக்கொண்டு இருந்தவர். ஏறி வந்தவர்கள் இருமலுக்கிடையில் சொன்ன கதைகளைத்தான் சந்திக் கடையில் இருபது வருடம் விற்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவில்லை. "தோண்டின கிடங்கை மூடவேணும்," என்றேன். "உடைச்ச கல்லைச் சும்மா கொட்டினால் இடுக்காலை உப்பு வரும். அடுக்கடுக்காய்க் கல்லு, அதுக்கு மேலை குளத்துக் களி, இடிச்சு இறுக்கவேணும். அந்த வெள்ளை நரம்பின்ரை வெடிப்பை முதலிலை அடைக்கவேணும். பிறகு ரண்டு மாரி இறையாமல் விட்டால் மழைத்தண்ணி திரும்ப மேலை படியும்."

"செய்யலாம்," என்றார் அக்கா. என்னைப் பார்க்கவில்லை. "வெடிகாரர் சொன்னபடி தோண்டினவர். சொன்னவர் இறங்கி மூடட்டும். பொறுப்பு எண்டு சொன்னனீங்கள், அண்ணை."

"எழுபத்துநாலு வயசு, பராசக்தி," என்றார் மாமி.

"என்ரை வெங்காயம் போச்சு, மாமி."

மறுநாள் காலை அவர் வந்தார். தொப்பியில்லை, காற்சட்டையில்லை. நாலு முழ வேட்டியைக் கொடுக்குக் கட்டியிருந்தார். கிறகோரி முதலில் இறங்கிக் கீழே நின்றார். மிசின் தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. கயிற்றுப் பலகையில் ஏற முதல் சுரங்கத்தார் மடியிலிருந்து ஒரு பித்தளைத் தகட்டை எடுத்து அக்காவிடம் நீட்டினார். விளக்கறையிலிருந்து கொண்டு வந்தது. இலக்கம் 317.

"இதை வைச்சிரு. ஏறி வந்தால் தா."

அதிலும் நாடகம் என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் கயிற்றை விட்டது நானும் அப்புவும். பாதிக் கிணறு போக முதலே கயிறு என் கைக்குள் நடுங்கியதை நான் மறைக்க முடியாது. "நிப்பாட்டவோ?" என்று அப்பு கேட்டார். கீழேயிருந்து "விடு," என்று சுரங்கத்தாரின் குரல் வந்தது.

"வாங்கோ, பெரியவர்," என்றது கிறகோரியின் குரல். "பயப்பிடாதையுங்கோ, இஞ்சை தங்கம் ஒண்டும் கடிக்காது."

பதினொரு நாள். நாங்கள் கடகத்தில் கல்லும் களியும் இறக்கினோம். கிறகோரி இடித்தார். சுரங்கத்தார் உப்புத் தண்ணீரில் முழங்காலில் நின்று அந்த வெடிப்பைக் கையால் களி திணித்து அடைத்தார். ஒவ்வொரு மத்தியானமும் ஏறி வந்து, மூச்சு வாங்கி, முதல் வேலையாகக் கையை நீட்டித் தகட்டை வாங்கினார். கால் முழுக்க வெடித்துப் புண். ஒரு நாளும் என்னிடம் எப்படி என்று கேட்கவில்லை. நான் சொன்னபடிதான் செய்தார், ஆனால் கேட்கவில்லை.

அக்கா இரண்டு வருடம் அடுத்த தோட்டத்தில் கூலிக்குப் புல்லுப் பிடுங்கினார். எங்கள் தோட்டமும் அவர்கள் தோட்டமும் சும்மா கிடந்தன. 1976 மாரிக்குப் பிறகு கிணறு நல்ல தண்ணீராயிற்று. நான் சோதித்துப் பார்த்தேன். அக்கா குடித்துப் பார்த்தார்.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? சுரங்கத்தார் இறங்கின பிறகுதான் கிணறு திருந்தியது என்றது. தங்கச் சுரங்கத்து நுட்பம், வேறு யாருக்கு வரும் என்றது. மூடச் சொன்னவன் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் அந்த மனிதர் மட்டும் அதற்குப் பிறகு சந்திக் கடை வாங்கிலில் குந்தியிருந்தாலும் பகாங்கைப் பற்றி வாய் திறக்கவில்லை. கேட்டால், "மறந்து போச்சு," என்பார்.

போன மாதம் அவர் செத்தார். கொழும்பிலிருந்து வந்த அவர் மகன் கல்வெட்டின் அச்சுப் பிரதியைத் திருத்தித் தரும்படி என்னிடம் தந்தார், பட்டதாரி என்பதற்காக. நான் எழுத்துப் பிழைகளைத் திருத்திவிட்டு, ஒன்பதாம் பக்கத்து வரிகள் இரண்டையும் முழுதாக வெட்டப் போனேன். பராசக்தி அக்கா அன்று எங்கள் வீட்டுக்கு வெங்காயக் கட்டு இரண்டு கொண்டு வந்திருந்தார். என்ன வெட்டுகிறாய் என்று கேட்டார். வாசித்துக் காட்டினேன்.

"தங்கத்தை வெட்டு," என்றார். "அடியை வெட்டாதை. ஆயிரத்தை முப்பத்தெட்டு எண்டு மாத்து."

"முப்பத்தெட்டு அடி இறங்கினது ஒரு பெருமையே, அக்கா?"

"இறங்கினவர்தானே."

அப்படியே மாற்றிக் கொடுத்தேன். ஒரு வரிதான் மிஞ்சியது: 'முப்பத்தெட்டு அடிக்கீழ் கிணறு இறங்கி.' செய்யுளாகப் பார்த்தால் அது நொண்டுகிறது. மகன் பார்த்துவிட்டு, சனம் சிரிக்கும் என்று சொல்லி இரண்டு வரிகளையும் பழையபடியே அச்சடித்துவிட்டார். முந்நூறு பிரதி.

என்னிடம் உள்ள பிரதியில் நான் மையால் திருத்தியிருக்கிறேன். வாசிகசாலைப் பிரதியிலும் திருத்தியிருக்கிறேன். மிச்சப் பிரதிகள் வைத்திருப்பவர்கள் தாங்களே திருத்திக்கொள்ளலாம். சந்தேகம் உள்ளவர்கள் பராசக்தி அக்காவைக் கேட்கலாம். கடைசி நாள் மட்டும் ஏறி வந்த சுரங்கத்தார் தகட்டுக்குக் கையை நீட்டவில்லை, தகடு இன்னும் அக்காவிடம்தான் இருக்கிறது. இலக்கம் 317.